வாளிக்குள் கிடந்த தங்கமீன்

கச்சிபௌலிக்குக் குடிவந்த புதிதில் மகள் அடம்பிடித்து வாங்கிய தங்கமீனுக்கு வால் அழுகத் தொடங்கியது. ஓரமெல்லாம் வெளுத்து, நைந்த துணி போலப் பிய்ந்து வந்தது. மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. யாருக்காவது காய்ச்சல் விட்டதும் மிஞ்சுகிற மாத்திரையெல்லாம் அதில்தான் போய் விழும். அந்த டப்பா தைரியத்தில் ஆளாளுக்கு டாக்டர். நானும் ஒரு ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் கொட்டப் போனேன்.

"ஐயையோ, கையை எடுங்க!" என்று மனைவி பாய்ந்து வந்தாள். "ஃபில்டர்ல நல்ல பாக்டீரியாவும் இருக்கு. அதுவும் செத்தா தண்ணியே விஷமாயிடும்."

மாதாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை அவளுக்கு. எதில் கோளாறு என்றாலும் அதைத் தனியே பிரித்து வைத்துத்தான் பார்ப்பாள். கால்நடை மருத்துவரிடம் போய் மருந்தும் அளவும் கேட்டு வந்து, மீனைக் குளியலறை வாளிக்கு மாற்றினாள். உள்ளே காற்றுக் குழாய். வெளிச்சம் பட்டால் மருந்து வீணாகுமாம். அதனால் மேலே என் வேட்டி. தினமும் காலையில் தண்ணீரை மாற்றிப் புது மருந்து அளந்து போடுவாள். கீழே ஆபீஸ் கேப் ஹார்ன் அடித்துக் கத்தும். அவள் கை அவசரப்படாது. அடேயப்பா, அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது!

"எனக்கு உடம்புக்கு வந்தா இப்படிப் பாப்பியா?" என்று கேட்டேன்.

"நீங்க வாளிக்குள்ள சும்மா கிடப்பீங்களா?"

மீன் தேறியது. வாளியில் துள்ளவும் ஆரம்பித்தது. உடனே தொட்டியில் விட வேண்டும் என்று மகள் ஒரே ரகளை.

"மருந்து முடியட்டும்டி."

"நக்கோ அம்மா, மருந்து வேணாம்! அதான் நல்லாயிடுச்சே!"

நானும் மகள் கட்சிதான். மனைவி மசியவில்லை.

"அரைகுறையா நிறுத்தினா மிச்சக் கிருமி திரும்பக் கிளம்பும். அப்ப இந்த மருந்துக்கு அடங்காது."

மருத்துவர் சொன்ன கடைசி வேளை வரை போட்டுவிட்டுத்தான் தொட்டியில் விட்டாள். மீன் ஒரு சுற்றுச் சுற்றி, வழக்கமான மூலையில் போய்க் கல்லைக் கொத்தியது. மகள் சோபாவில் ஏறிக் குதித்தாள். திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம். சமையலறையில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அதான் பிழைச்சிடுச்சே, இப்ப எதுக்குடி அழுற?"

"முதல் நாளே, இது செத்துடும்னுதாங்க நெனச்சேன்."