மினசோட்டாவில் ஒரு சட்டி குருமா

திங்கட்கிழமை, காலை 6:10. 2006 நவம்பர். நெவார்க் விமான நிலையத்தில் ஷூவைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று என்று ஆரம்பித்தார்கள். முகமது ஜாஹிர் என்ற பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் விமானம் ஏறுகிறவனுக்கு இது பழகிப்போன சங்கதி. பெட்டியைத் திறந்தவர் ஒரு பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தார். "கறி பவுடர்" என்றேன். இன்னொரு முறை மோந்துவிட்டுத் திருப்பி வைத்தார். என் மனைவி நஸ்ரின் அரைத்துக் கொடுத்த குருமாப் பொடி அது. ஹலால் கிடைக்காத ஊரில் ஐந்து நாள், முட்டையையும் உருளைக்கிழங்கையும் வைத்து ஓட்ட வேண்டும் என்று அரைக் கிலோவுக்குக் குறையாமல் கட்டியிருந்தாள்.

நான் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வடக்கு மினசோட்டாவில் ஒஜிப்வே என்கிற அமெரிக்கப் பழங்குடியினர் தங்களுக்கென்று நடத்தும் நீதிமன்றத்துக்குப் போய், அவர்களுடைய காகிதப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரவேண்டும். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அங்கே வருகிறவர்கள் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்பது அவர்கள் விதி. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

மினியாபொலிஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்தேன், நாளுக்கு 38 டாலர். வடக்கே 220 மைல். செயின்ட் க்ளவுட் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. பிரெய்னர்ட் தாண்டியதும் மனிதர்களே குறைந்துபோனார்கள். ஏரி, பைன் மரம், மறுபடி ஏரி, மறுபடி பைன் மரம். நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மோட்டல் அறை 49 டாலர், மூலையில் இரண்டு அடுப்பு. வெளியே மைனஸ் எட்டு டிகிரி. இந்த வேலைக்கு என்னைத் தள்ளிவிட்ட மேனேஜரை வாய்விட்டே திட்டினேன்.

செவ்வாய், காலை 9:00. நீதிமன்றம் ஒரு நீளமான தகரக் கூரைக் கட்டடத்தின் பாதி. என்னை வரவேற்றவர் மார்லின். போதை மீட்புத் திட்டத்தை நடத்துகிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், சிரிக்காமல் கிண்டல் செய்கிற ரகம். அவரும் ஒஜிப்வேதான். அங்கே எல்லாரும் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்த தோரணையில் தமிழில் தருகிறேன்.

"இங்க வர்றவங்க எல்லாரும் அப்பா அம்மா" என்றார். "குடி, மாத்திரை, பவுடர். பிள்ளையை கவுண்டி ஆபீஸ் தூக்கிட்டுப் போயிருக்கும். நாங்க ஜெயில்ல போடறதில்ல. வாராவாரம் வரணும், சிறுநீர் டெஸ்ட் குடுக்கணும், உண்மையைச் சொல்லணும். தேறினா பிள்ளை வீட்டுக்கு வரும்." கவுண்டி என்பது அங்கே மாவட்ட நிர்வாகம்.

நீதிமன்ற அறையைப் பார்த்தேன். நீதிபதிக்கு மேடை இல்லை. ஒரு பெரிய வட்ட மேஜை, எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. சும்மா சொல்லக்கூடாது, நியூ ஜெர்சியில் ஓவர்ஸ்பீடு டிக்கெட்டுக்காக நான் நின்ற கோர்ட்டைவிட இது எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

செவ்வாய்தோறும் மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். ஆளுக்கு ஒரு பதார்த்தம். "விருந்தாளியும் கொண்டுவரணும். கையை வீசிட்டு வந்து உட்காரக்கூடாது" என்றார் மார்லின். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மதியமே மோட்டலுக்கு ஓடி, ஒரு பெரிய சட்டி முட்டைக் குருமா வைத்தேன். பொடியை அள்ளிப் போட்டேன்.

பாதிப் பேர் காரத்துக்குப் பயந்து தொடவில்லை. ஒரு பெண் மட்டும், ஏரியில் விளையும் அவர்களுடைய கறுப்பு அரிசியில் குருமாவை ஊற்றிப் பிசைந்து, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். பெயர் டானா. இருபத்தேழு வயது, என் கடைசித் தங்கை வயது. மர மில்லில் முதுகில் அடிபட்டு, வலி மாத்திரையில் ஆரம்பித்து, அதற்கே அடிமையாகி, பிள்ளையை இழந்தவள். பதினொரு மாதமாக எதையும் தொடவில்லை.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஸ்கூல் பஸ் என் வீட்டு வாசல்ல நிக்கும்" என்றாள். "கெய்லா இறங்குவா. ஆறு வயசு. இனிமே திரும்பிப் போகமாட்டா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மிச்சக் குருமாவை ஒரு டப்பாவில் போட்டு, "காலைக்கு வச்சுக்கோ, நாளைக்குத்தான் இன்னும் நல்லா ஊறும்" என்று நானே அவள் கையில் கொடுத்தேன்.

புதன், மதியம் 2:00. யார் யார் அன்று டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்று காலையில் போனில் சொல்வார்கள். அன்று இரண்டு பேர். ஒருவர் செவ்வாய் விருந்தில் குருமாப் பக்கமே வராத மனிதர். இன்னொருவர் டானா. புது சாஃப்ட்வேரில் ரிசல்ட் ஏற்றுவது எப்படி என்று மார்லினுக்கு நான் காட்டிக்கொண்டிருந்தேன். முதல் ரிசல்ட்டை ஏற்றினார். இரண்டாவது தாளை எடுத்தவர், அதோடு பின் செய்திருந்த இன்னொரு தாளையும் படித்தார்.

"ஓபியேட், பாசிட்டிவ்" என்றார். அபின் வகை மருந்து டானாவின் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். "ஒரு மணி நேரத்துல கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டா. போட்டேன்னு ஒத்துக்கிட்டா."

ஜன்னல் வழியே பார்த்தேன். டானா கோட்டின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, பனியில் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். சீ, இரண்டு நாள் பொறுக்கக்கூடாதா என்று நினைத்தேன். நான்தான் நினைத்தேன். அதை இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வியாழன், காலை 7:00. நஸ்ரினுக்குப் போன் செய்தேன். மனசே சரியில்லை என்று விஷயத்தைச் சொல்லிவிட்டு, பொடி தீரப்போகிறது என்றும் சொன்னேன்.

"அதுக்குள்ளயா? என்னங்க, அள்ளி அள்ளிக் கொட்டினீங்களா? ஸ்டோர்ல முந்திரி கிடைக்கலன்னு இந்தத் தடவை கசகசாவைத்தான் டபுளா போட்டேன்."

கசகசா. அல்லாஹ்வே! அபின் செடியின் விதை, தின்றவன் டெஸ்ட்டிலும் அபின் காட்டும். எங்கள் ஊர் ஆம்பூரில் துபாய்க்கு விமானம் ஏறுகிற ஒவ்வொருவனுக்கும் வீட்டில் சொல்லி அனுப்பும் முதல் புத்தி, பையில் கசகசா வைக்காதே, பிடித்து உள்ளே போட்டுவிடுவான் என்பது. என் மச்சானின் பெட்டியைச் சென்னை ஏர்போர்ட்டில் பிரித்து மசாலாப் பொட்டலத்தை வெளியே எறிந்தவனே நான்தான். அமெரிக்காவில் ரொட்டி மேலேயே தூவி விற்கிறானே, அந்தத் தைரியத்தில் மறந்துபோனேன்.

8:20. மார்லினிடம் ஓடினேன். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டினவங்க எல்லாருக்கும் ஒரு சாப்பாட்டுக் கதை இருக்கும், மிஸ்டர் ஜாஹிர்."

"அப்போ எனக்கு டெஸ்ட் பண்ணுங்க. மூணு நாளா நான் இதைத்தான் திங்கறேன்."

கப்பை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். நாற்பது வயதில் இப்படி ஒரு காரியம். மேஜை மேல் வைத்து இருவரும் காத்திருந்தோம். இரண்டு கோடு வந்தால் உடம்பு சுத்தம். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு கோடுதான் வந்தது. மார்லின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

10:00. நீதிமன்றம் கூடியது. சேஜ் என்கிற இலையைச் சங்கு மாதிரி ஒரு சிப்பியில் வைத்துப் புகையவிட்டு, ஒவ்வொருவர் முன்னும் காட்டினார்கள். வெள்ளை முடியைப் பின்னிப் போட்டிருந்த பெண்தான் நீதிபதி. நான் எழுந்து, குருமாவிலிருந்து கப் வரைக்கும் ஒப்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி டானாவைப் பார்த்தார். "அப்போ நீ எதுவும் போடல."

"இல்ல."

"ஏன் போட்டேன்னு எழுதிக் குடுத்தே?"

டானா மேஜையைப் பார்த்தபடியே பேசினாள். "கவுண்டி கோர்ட்ல மூணு தடவை உண்மையைச் சொன்னேன். பொய் சொல்றேன்னு மூணு மாசம் கூடப் போட்டாங்க. இங்க ஒத்துக்கிட்டா பிள்ளை வர ஒரு வாரம்தான் தள்ளிப்போகும், மறுத்தா ஒரு மாசம்னு எல்லாரும் சொல்லுவாங்க. எது சொன்னா பிள்ளை சீக்கிரம் வருமோ அதைச் சொன்னேன்." சற்று நிறுத்தினாள். "கோடு வரலன்னதும் எனக்கே சந்தேகமாயிடுச்சு. தூக்கத்துல எழுந்து எங்கயாவது போனேனோன்னு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இங்கயும் உன்னை அப்படி ஆக்கிட்டோம்னா, தப்பு எங்க மேல" என்றார். டெஸ்ட்டை அங்கேயே ரத்து செய்தார். பதினொரு மாதக் கணக்கு அப்படியே நிற்கும் என்றார். ஆனால் அவள் கையெழுத்திட்ட தாள் நேற்றே கவுண்டி ஆபீசுக்குப் போய்விட்டது. வழக்கில் அவர்களுக்கும் பாதி அதிகாரம் உண்டு. அவர்கள் மறுபடி உட்கார்ந்து பேசியாக வேண்டும், அதற்கு மூன்று வாரம். வெள்ளிக்கிழமை பஸ் கிடையாது என்று கெய்லாவிடமும் சொல்லியாகிவிட்டது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் டானாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள், முந்திக்கொண்டு. பிறகு நேராக என்னைப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நானே போய், அது குருமான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களா?"

நான் கார் சாவியைத் தேடுகிற மாதிரி பைக்குள் கையை விட்டேன். அவள் தலையசைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

வெள்ளி, காலை 6:00. கிளம்பினேன். மார்லின் ஒரு பை கறுப்பு அரிசி கொடுத்தார், கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதே 220 மைல், ஏரிகளின் ஓரம் உறைய ஆரம்பித்திருந்தது. நண்பகல் விமானம். நெவார்க்கில் இறங்கியபோது மணி நான்கு. மினசோட்டாவில் மூன்று. டானா வீட்டு வாசலில் பஸ் நிற்கவேண்டிய நேரம். பெட்டி வரும் இடத்தில் நின்றுகொண்டு, அவள் அந்த நேரத்தை எப்படிக் கழிக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெட்டி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனபிறகுதான் எடுத்தேன்.

5:35, பிஸ்கட்டவே. நேராக டே-கேருக்குப் போனேன். எங்கள் மகள் ஆயிஷாவுக்கு நான்கு வயது. வாசலில் நின்ற பெண் வேலைக்குப் புதிது, என்னை முன்பின் பார்த்ததில்லை. லைசென்ஸைப் பார்த்தார், தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். ஆயிஷா கோட்டைக்கூட மாட்டாமல் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். "ஹேவ் எ குட் வீக்கெண்ட்" என்றார் அந்தப் பெண். நான் தின்ற கசகசா அப்போதும் என் உடம்பில்தான் இருந்திருக்கும். யாரும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள்.