முடிச்சு வேண்டாத லேஸ்

என் கணவர் என்னிடம் மனம்விட்டுப் பேசியதெல்லாம் நான் ஷூ லேஸ் கட்டும் நேரத்தில்தான். விடியற்காலை நாலே முக்காலுக்கு, அபிராமபுரத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் வாசலில், செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பேன். நான் போனதும் கதவைத் தாழ் போடுவதற்காக அவர் எழுந்து வந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பார். எங்கள் கதவு இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும். அதைச் சொன்னால், "உள்பக்கம் தாழ் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பார். நான் போன பிறகு அவர் ஒரு நாளும் தூங்கியதில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்குத் தி. நகரில் சேலைக்கடை. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. காலை ஒன்பதரைக்குப் போனால் கடை சாத்தித்தான் வருவார். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது அவரிடம் பேச்சு மிச்சம் இருக்காது. சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், படுத்துவிடுவார். எதுவாக இருந்தாலும் மறுநாள் காலை அந்த மூன்று நிமிடத்தில்தான் வரும். கல்யாணப் பார்ட்டி ஒன்று நாற்பது சேலையைப் பிரிக்கவைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போனது, பெங்களூரில் வேலையில் இருக்கும் மகளின் குரல் போனில் ஒரு மாதிரி இருந்தது, தம்பியோடு மனத்தாங்கல், எல்லாம். நான் குனிந்திருப்பேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் அவருக்குப் பேச வந்தது என்று இப்போது தோன்றுகிறது. சில நாள் அவர் பேச்சு முடியாமல் இருந்தால், சரியாகப் போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடியும் போட்டிருக்கிறேன்.

அடையாற்றில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. நாற்பத்தாறு வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் எதையும் அளவோடு செய்கிற ஆள் இல்லை. நடை ஓட்டமாயிற்று, ஓட்டத்தோடு சைக்கிள் சேர்ந்தது, பிறகு ஒரு குழுவோடு பெசன்ட் நகரில் கடலில் நீந்தப் போனேன். அடுத்தது ட்ரையத்லான். எங்கள் சொந்தக்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லை ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீந்திக் கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டதும் ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். நடுவில் கடிகாரத்தை நிறுத்த மாட்டார்கள். ஈரக்காலோடு வந்து ஹெல்மெட் மாட்டி, ஷூ போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டும்வரை ஆகும் நேரமும் சேர்த்திதான்.

என் முதல் போட்டியில் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். விரல் ஈரம், லேஸெல்லாம் மணல். போட்ட முடிச்சு நழுவியது, நழுவாதது சிக்கிக்கொண்டது. என்னைவிட மெதுவாக நீந்திய இரண்டு பெண்கள் நான் மண்டி போட்டிருக்கும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வயதுப் பிரிவில் நான்காவதாக வந்தேன். மூன்றாவதாக வந்தவளுக்கும் எனக்கும் அரை நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

எலாஸ்டிக் லேஸ் வாங்கச் சொன்னது குழுவில் ஒரு பெண். ரப்பர்போல இழுபடும் லேஸ். முனையில் சின்னதாக ஒரு கிளிப். காலுக்குத் தகுந்தபடி ஒருமுறை இறுக்கி, மிச்சத்தைக் கத்தரித்துவிட்டால் அதோடு சரி. கட்ட வேண்டாம், அவிழ்க்க வேண்டாம், செருப்புப்போலக் காலை நுழைத்துக்கொண்டு ஓடலாம். உள்ளே கொஞ்சம் பவுடர் தூவிவிட்டால் ஈரக்காலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பார்சல் வந்த அன்று அதைக் கோத்துக் கொடுத்தது என் கணவர்தான். என் காலைத் தன் மடிமேல் வைத்து, இறுக்கம் சரிதானா என்று இரண்டு தடவை கேட்டு, மிச்சத்தை வெட்டினார். கடைக்காரர் கை. அளந்து ஒரே வெட்டு.

மறுநாள் காலை அவர் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் நான் லிஃப்டில் இருந்தேன்.

"அதுக்குள்ள கெளம்பிட்டியா?" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் அப்படியே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தார். பிறகு எழுந்து வருவதை விட்டுவிட்டார். நான் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். நல்லதுதான், மனிதர் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டும் என்று நினைத்தேன். பொய். என்ன போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அடுத்த போட்டி முடியட்டும், பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அவர்தான் வேறு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், ஷூ போட்டுச் சைக்கிள் எடுக்கும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுவேன். ஒரு நாள் கையில் காப்பித் தம்ளரோடு இறங்கி வந்து, "நான் வேணா டைம் பாக்கேன்" என்றார். அன்றிலிருந்து ஸ்டாப்வாட்ச் அவர் பொறுப்பு. நான் குழாயடியில் ஒரு பக்கெட் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு நிற்பேன். அவர் சைக்கிள் பக்கத்தில் நின்று "ஸ்டார்ட்" சொல்வார். நான் ஓடி வந்து எல்லாம் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டியதும், மாடியிலிருந்து சரக்கு இறக்கச் சொல்கிற குரலில் எத்தனை விநாடி என்று கூவுவார். எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்று பிறகு பார்ப்பதற்காக, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் போனைச் சாய்த்துவைத்து வீடியோ எடுப்பேன்.

"இன்னா சார், அம்மா வாராவாரம் கால்ல தண்ணிய ஊத்திக்கினு ஓடுது?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"சைக்கிள மேய்க்கப் போறா" என்றார் இவர்.

அந்த மாதங்களில் என் மணிக்கட்டில் இருந்த வாட்ச் என் இதயத் துடிப்பை நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தது. தூங்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று தினமும் எடுத்துப் பார்ப்பேன். கட்டிலின் அந்தப் பக்கம் படுத்திருந்தவரின் இதயத்தைப் பற்றி ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? இல்லை. இப்போது அந்த வாட்ச் மேஜை டிராயரில் கிடக்கிறது. கண்ணில் பட்டால் எடுத்துச் சுவரில் அடிக்கலாம்போல இருக்கும்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஒரு புதன்கிழமை முற்பகல், கடையின் மேல்மாடியில் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்று எங்கே என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் வாயில் வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு. படுக்கையில் விழாமல், யாருக்கும் பாரமாக இல்லாமல் போய்விட்டார், கொடுத்துவைத்தவர். ஐம்பத்திரண்டு வயதில் செத்தவர் என்ன கொடுத்துவைத்தவர்? கேட்டுவிடுவேன் என்று பயந்து மகள் என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடையின் மூத்த சேல்ஸ்மேன் வந்தார். மாமனார் காலத்திலிருந்து இருப்பவர். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என் முன்னால் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு மாசமாவே மாடி ஏறுனா நெஞ்சப் பிடிக்குன்னுதாம்மா சொல்லுவாக. வீட்ல சொல்லுங்க மொதலாளி, வீட்ல சொல்லுங்கன்னு நானும் நச்சரிச்சேன். கடேசியா ஒரு திங்கக்கெழம கேட்டேன். வீட்ல சொல்லியாச்சுன்னாக. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் அதைச் சத்தமாகச் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா அன்னிக்கே இழுத்துட்டுப் போயிருப்பேனே."

அழுகை நின்று கோபம் வந்தது அன்றுதான். அந்தக் கோபம் இல்லையென்றால் அந்த நாட்களை எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை. தினமும் காலையில் மாலை போட்ட படத்தின் முன்னால் நின்று சண்டை போட்டேன். சேலை சாயம் போகாது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பழகிய வாய், சேல்ஸ்மேனிடமும் ஒரு பொய்யைச் சொல்லி வாயை அடைத்துவிட்டது என்று மகளிடம் போனில் சொன்னேன். அவளுக்கு அப்பா என்றால் உயிர். "நம்மகிட்ட ஏம்மா மறைச்சாரு? நாம என்ன வேத்து மனுஷங்களா?" என்று கேட்டுக் கேட்டு, அவளும் என்னோடு சேர்ந்து அவர்மேல் கோபப்பட ஆரம்பித்தாள். தன் போனில் வைத்திருந்த அப்பாவின் படத்தை மாற்றிவிட்டாள். அதைப் பார்த்தும் நான் எதுவும் சொல்லவில்லை. கோபத்தில் எனக்குத் துணை கிடைத்ததுபோல இருந்தது. அவ்வளவு மட்டமாகப் போயிருந்தேன்.

போட்டிக்குப் போகவில்லை. சைக்கிள் கார் நிறுத்துமிடத்திலேயே காற்றிறங்கி நின்றது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, போனில் இடமில்லை, எதையாவது அழி என்று வந்தது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை அந்தப் பயிற்சி வீடியோக்கள்தான். இனி எதற்கு என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். கடைசியாக எடுத்ததை மட்டும், அவர் "ஸ்டார்ட்" சொல்வதை ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று திறந்தேன். அவர் போவதற்குப் பத்து நாள் முந்தைய ஞாயிறு.

சைக்கிள் தெரிகிறது. அதன் பக்கத்தில் அவர், கட்டம் போட்ட சட்டையோடு. போனுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறார். தூரத்தில் குழாயடியில் நான் பக்கெட்டைத் தூக்குகிறேன். அவர் வலது கையில் ஸ்டாப்வாட்ச். இடது கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறது.

"ஏம்மா, இந்த மாடிப்படி ஏறுனா நெஞ்சு ஒரு மாதிரிப் பிடிக்குதும்மா. ரெண்டு மூணு வாரமா இருக்கு. ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வருவமா?"

இவ்வளவு தெளிவாக. நான் குனிந்து காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஏதோ பதில் சொல்கிறேன். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு தலையாட்டிவிட்டு "ஸ்டார்ட்" என்கிறார். நான் ஓடி வருகிறேன், ஹெல்மெட், ஒரு ஷூ, இன்னொரு ஷூ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரையை விட்டுப் போய்விடுகிறேன். அவர் மட்டும் நிற்கிறார். கேட் பக்கம் பார்த்துப் பொத்தானை அமுக்குகிறார்.

"பதினாலு! போன வாரத்துக்கு மூணு கம்மி!"

வெளியே நான் கைதட்டிக் கத்துவது கேட்கிறது. அவரும் சிரிக்கிறார். அந்தப் பதினாலு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று குழுவில் எல்லாருக்கும் அனுப்பினேன்.

சத்தத்தை முழுதாக வைத்து மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது தடவையில் நான் சொன்ன பதிலும் கேட்டது. போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வீடியோவையும் அழித்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர் பொய்யராகவே இருந்துவிட்டுப் போவார். நான் கோபத்தை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம். அப்படியும் நினைத்தேன். மறைப்பானேன்.

மகளைக் கூப்பிட்டேன்.

"அப்பா பொய் சொல்லலடி. எங்கிட்டச் சொல்லியிருக்காரு. வீடியோல இருக்கு."

அவள் மெல்லக் கேட்டாள்.

"நீ என்னம்மா சொன்ன?"

"சரி சரி, நீங்க ஸ்டார்ட் சொல்லுங்கன்னேன்."