ஒன்பதாவது பிளக்

எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்த அன்று மோடத்தில் நான்கு பச்சை விளக்குகள் எரிந்தன. மின்சாரத்துக்கு ஒன்று, வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழைக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று. இரண்டு தரம் எண்ணினேன்.

"இவருக்கு எண்ணுறதுக்கு இன்னும் நாலு கிடைச்சிட்டுது" என்று இணைப்புக் கொடுக்க வந்தவரிடம் மனைவி சொன்னாள்.

அவர் சிரித்தார். எங்கள் பழைய தொலைபேசியின் வயரை மோடத்தின் பின்னால் செருகினார். "ஐயா, முந்தின லைனில கம்பிக்குள்ளாலயே கரண்ட் வந்தது. இதில வாறது வெளிச்சம். வீட்டில கரண்ட் நிண்டா போனும் நிண்டிடும்."

"ஓம், விளங்குது" என்றேன். மின்வெட்டைத்தான் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் மனைவியைப் பாலம் தாண்டியுள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்களிடம் இருந்த ஒரே கைத்தொலைபேசியை அவளிடம் கொடுத்திருந்தேன். நான்காம் நாள் காலை நான் அவளைப் பார்த்துவிட்டு எழும்பும்போது சொன்னாள்: "எப்ப வீட்ட விடுறதெண்டு டொக்டர் வந்து சொன்ன உடன கோல் எடுக்கிறன். போனுக்குக் கிட்ட இருங்கோ."

இரண்டு மணிக்குக் கடல் பக்கம் இருண்டு இடி தொடங்கியது. இடி கேட்டால், குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த குருத்தோலையில் ஒரு துண்டு கிள்ளி எரித்துவிட்டு, வீட்டிலுள்ள எட்டுப் பிளக்கையும் கழற்றுவது அவள் வேலை. அன்று நான் செய்தேன். மோடத்தோடு ஒன்பது. தொலைபேசி வயரை மட்டும் தொடவில்லை, அவள் எடுப்பாளே.

கதிரையை இழுத்துப்போட்டு அதன் அருகில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று ரிசீவரைத் தூக்கியும் பார்க்கவில்லை. இடிகளை எண்ணினேன். முப்பத்தொன்று.

நாலரைக்கு வானம் வெளித்தது. பிளக்குகளைச் செருகினேன். நான்காவது விளக்கும் எரிந்து கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு தாதி.

"எவ்வளவு நேரமா எடுக்கிறம் ஐயா! அம்மாக்குத் திடீரெண்டு மூச்சு ஏலாமப் போச்சுது. கெதியா வாங்கோ."

நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "'மனுசன் போனுக்குக் கிட்டத்தான் இருப்பார்' எண்டு திருப்பித் திருப்பி எடுத்தவ, ஐயா."

கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தேன். வீட்டு இலக்கத்துக்குப் பதினான்கு தரம் எடுத்திருந்தாள். அதை மட்டும் இரண்டாம் தரம் எண்ண என்னால் முடியவில்லை.