பத்து நாள் முந்திய விதைப்பு

சீனாவின் ஹெனான் சமவெளியில் மெய்ஃபெங்குக்கு மூன்று துண்டு கோதுமை நிலம். புருஷன் இறந்து நான்கு வருடமாயிற்று. ஒரே மகன் லிபோ, ரயிலில் ஒரு நாள் தூரத்தில், தெற்கே தொழிற்சாலை வேலையில் இருந்தான். புத்தாண்டுக்கு ஒரு தடவை, அக்டோபர் முதல் வார விடுமுறையில் ஒரு தடவை வீட்டுக்கு வருவான்.

அந்த அக்டோபரில் மக்காச்சோளத்தை அறுத்து முடித்த கையோடு, "அம்மா, நான் இருக்கறப்பவே கோதுமையையும் விதைச்சிடலாமே" என்றான்.

இன்னும் பத்து நாள் பொறுக்க வேண்டும் என்பது முப்பது வருடமாக விதைப்பவளுக்குத் தெரியாதா? ஆனால் விதை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வரப்பில் நடந்ததைப் பார்த்தபோது மறுக்க மனம் வரவில்லை. இரண்டாம் தேதி விதைத்தார்கள். ஐந்தாம் தேதி அவன் ரயிலேறிவிட்டான்.

அந்த வருடம் குளிர் வரத் தாமதமாயிற்று. பயிர் மளமளவென்று வளர்ந்து, நவம்பர் முடிவதற்குள் செடிக்கு எட்டு, ஒன்பது பக்கத் தண்டுகளாகத் தூர் வெடித்து முழங்காலைத் தொட்டது. பக்கத்து நிலத்துக்காரர் கோவ் நின்று பார்த்தார்.

"என்ன தங்கச்சி, கோதுமை போட்டியா, ஆட்டுக்குப் புல்லு போட்டியா?"

"சிரிக்காதீங்க அண்ணே. இப்ப என்ன பண்றது?"

"உருளை ஓட்டி அழுத்து. கொஞ்சம் அடங்கும். இவ்வளவு சீக்கிரம் யாரு போடச் சொன்னா?"

"நானாத்தான் போட்டேன்" என்றாள். மகன் பேரை எடுக்கவில்லை.

அவருடைய கல் உருளையை இரவல் வாங்கி, இரண்டு நாள் தன்னந்தனியாக இழுத்தாள். பலனில்லை. டிசம்பரில் திடீரென்று உறைபனி இறங்கியது. பிப்ரவரியில் ஒரு தடித்த தண்டை நகத்தால் பிளந்து பார்த்தாள். உள்ளே காலத்துக்கு முன்பே உருவாகிவிட்ட குருத்துக்கதிர் பனியில் வெளுத்துத் துவண்டு கிடந்தது. முதலில் வந்த பெரிய தூர்களெல்லாம் அப்படித்தான். கடைசியாக முளைத்த சின்னத் தூர்களில் மட்டுமே உயிர் இருந்தது.

"கோதுமை எப்படிம்மா இருக்கு?" என்று அன்று ஃபோனில் லிபோ கேட்டான்.

"இருக்கு, இருக்கு. நீ சாப்பிட்டியா?"

ஜூனில் வழக்கத்தில் பாதிதான் விளைந்தது. கதிர்களும் சின்னதும் பெரியதுமாக இருந்தன.

அடுத்த அக்டோபரில் லிபோ வந்தான். "நாளைக்கே விதைச்சிடலாம்மா. நாலு நாள்தான் இருப்பேன்."

"மண்ணு இன்னும் சூடா இருக்குடா."

"அப்ப நீ தனியாவா போடுவே?"

"விதைக்கிற மெஷின்காரன் வருவான்ல."

அவன் கதவுக் கீலைச் சரிசெய்தான், தூங்கினான், ஃபோனைப் பார்த்தான். நாலாம் நாள் கிளம்பிவிட்டான். பதினான்காம் தேதி மெஷினுக்குப் பின்னால் அவள் ஒருத்தியாக நடந்து, விதை சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

குளிர் இறுகும் முன் குனிந்து எண்ணினாள். செடிக்கு நாலு தூர், சிலவற்றில் ஐந்து. குட்டையாக, அடர்பச்சையாக, மண்ணோடு ஒட்டிக் கிடந்தது பயிர். சரியான வளர்த்தி. மகனிடம் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தாள். அவனுக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.