குளத்தில் நின்ற செப்புக் கப்பல்

நான் பிறந்தது தூத்துக்குடி. கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதும் வேலையில் சேர்ந்தேன். கப்பலைத் துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் எங்கள் முதலாளிக்குத் தூத்துக்குடிக்காரி என்றால் கப்பலிலேயே பிறந்தவள்.

ஊத்துக்குளி போகும் வழியில் கம்பெனியின் விருந்தினர் மாளிகை இருக்கிறது. அதன் முன்னால் அவர் ஒரு குளம் வெட்டினார். குளத்தில் மரக்கப்பல் ஒன்றை நிறுத்தி, வருகிற பையர்களுக்கு அதன் மேல்தளத்தில் விருந்து வைக்கவேண்டுமாம். இந்த யோசனையைத் தலையில் ஏற்றியவர் கோவையிலிருந்து வந்த அலங்கார நிபுணர். கண்ணாடியை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு, பேச்சுக்குப் பேச்சு ‘ஹெரிடேஜ்’ என்பார். பழங்காலக் கப்பல்களுக்கு அடிப்பகுதியில் செப்புத் தகடு போர்த்துவார்கள், நாமும் போர்த்துவோம் என்றார். எதற்காகப் போர்த்தினார்கள் என்று அவருக்குத் தெரியாது. பளபளக்கும், அது போதும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“அம்மிணி, நீங்க கடல் பக்கத்து ஆளுங்க. கப்பலுக்கு எதுக்குச் செப்புத் தகடு அடிச்சாங்கன்னு இங்கிலீசுல ஒரு போர்டுக்கு எழுதிக் குடுங்க. படிக்கிறவன் அசந்து போகோணும்.”

படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் புழு ஒன்று உண்டு. வெளியே சிறு ஓட்டைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடையாகிவிடும். அதைத் தடுக்க ஐரோப்பியர்கள் முதலில் ஈயத் தகடு அடித்தார்கள். பக்கத்திலிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. ஈயம் வேண்டாம் என்று விட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடற்படை செம்பை எடுத்தது. புழு அண்டவில்லை, பாசி பிடிக்கவில்லை, கப்பல் வேகமாக ஓடியது. ஆனால் முதலில் தகடு அடித்துப் பார்த்த கப்பலைக் கொஞ்ச காலம் கழித்துப் பிரித்தபோது இரும்பு ஆணிகள் குழைந்து கிடந்தன. செம்பும் இரும்பும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் இரும்பு கரைந்துவிடும். சில இடங்களில் மட்டும் ஆணி புதிது போல இருந்தது. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைக் கிழிக்கச் சோம்பல்பட்டு, வேலையாட்கள் அப்படியே வைத்து அடித்த இடங்கள் அவை. இதைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்த மகாபுத்திசாலிகள் செய்தது என்ன? ஆணியை மாற்றவில்லை. நடுவில் காகிதத்தை வைத்து, இரும்பு ஆணியோடேயே கப்பல் கப்பலாகத் தகடு போர்த்தினார்கள். பல கப்பல்கள் ஆட்களோடு முழுகிய பிறகுதான் ஆணியையும் செம்புக் கலவையில் செய்யலாம் என்று தோன்றியது.

எங்கள் கப்பலைப் போய்ப் பார்த்தேன். பலகைகளைச் சேர்த்திருந்தது முழுக்க இரும்பு ஆணியும் இரும்பு போல்ட்டும். அதன் மேலேயே தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள். போர்டுக்கு எழுதியதைக் கொடுக்கும்போது ஆணி விஷயத்தைச் சொன்னேன்.

நிபுணர் சிரித்தார். “மேடம், இது ரொம்ப நெகட்டிவ்வா இருக்கு. கப்பல் முழுகினதெல்லாம் சாப்பிட வர்றவங்களுக்கு எதுக்கு? அதுவுமில்லாம இது கடலா? குளம்!”

“குளத்துக்குப் போர்வெல் தண்ணிதானே சார் விடுறீங்க? வாயில ஊத்திப் பாருங்க, கரிக்கும்” என்றேன்.

முதலாளியின் முகம் மாறியது. அவருடைய சாயப்பட்டறை பக்கத்திலேயே இருந்தது. சாயம் துணியில் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள். அந்த உப்பு எங்கே போகிறது என்று அந்தப் பக்கத்து ஆடுமாடுகளுக்குக்கூடத் தெரியும்.

“நம்ம தண்ணியில உப்புன்னு ஆருங்க சொன்னது? அந்தப் பேச்சை இங்க பேசாதீங்க அம்மிணி.”

போர்டில் ஆணி பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பொன்னெழுத்தில் பதித்தார்கள்.

ஒரு மழைக்காலம் போனது. தகட்டின் ஓரங்களில் துருநீர் வடிந்தது. நிபுணர் வந்து பார்த்து, அதுதான் ஹெரிடேஜ் லுக் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயக் கழிவைத் தண்ணீரில் விடுகிற கம்பெனிக்கு ஆர்டர் தருவதில்லை என்று சொல்லும் பெரிய பையர் ஒருவரின் பிரதிநிதியாக ஒரு வெளிநாட்டு அம்மாள் வந்தார். மேல்தளத்தில் மதிய விருந்து. மொழிபெயர்க்க நானும் இருந்தேன். பனீரைப் பரிமாறிக்கொண்டிருக்கையில் கீழே மடமடவென்று சத்தம். அடிப்பலகை ஒன்று பிரிந்து, கப்பல் சாவகாசமாக ஒரு பக்கம் சாய்ந்தது. மேஜைகள் சரிந்தன. குழம்புப் பாத்திரம் குளத்தில் மிதந்தது. நல்லவேளை, முழங்கால் ஆழம்தான், யாருக்கும் அடியில்லை. முதலாளி வெள்ளை வேட்டியோடு தண்ணீரில் நின்று, “ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க” என்றார். நிபுணர் கரையில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் பிரிந்த பலகையிலிருந்து ஓர் ஆணியை இழுத்தார். விரலுக்கிடையில் அது பொடிந்தது. நல்ல தண்ணீரில் ஆணி இவ்வளவு சீக்கிரம் அரிக்குமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கேள்வியைத் தமிழில் சொன்னேன். “ஆசாரி சரியில்லைன்னு சொல்லுங்க அம்மிணி” என்றார் முதலாளி.

“ஆசாரி சரியில்லை என்று உங்களிடம் சொல்லச் சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். குளத்து நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையைத் தனக்கு அனுப்பவேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மறுநாள் பரிசோதனைக்குப் போன பாட்டிலில் தண்ணீர் நிரப்பப்பட்டது, எங்கள் கேண்டீனில் கவிழ்த்து வைத்திருக்கும் குடிநீர்க் கேனிலிருந்து. அறிக்கையில் குடிக்க உகந்த நீர் என்று வந்தது. சாய்ந்த கப்பலின் துரு வடிகிற குளத்து நீர் குடிக்க உகந்ததாம்! அந்த அம்மாள் கண்ணால் பார்த்தவர், கையால் ஆணியைப் பொடித்தவர். மிகவும் திருப்தி என்று பதில் எழுதினார். கூடவே ஆர்டரும் வந்தது.

இப்போது குளத்தில் சிமெண்டுக் கப்பல் நிற்கிறது, செப்பு நிறத்தில் பெயிண்ட் அடித்து. கட்டியவர் அதே நிபுணர்தான்.