கழட்டவா?

நேற்று என் மகள் மடிக்கணினியிலிருந்து பென்டிரைவை வெடுக்கென்று உருவினாள். என்னையறியாமல் "ஐயோ!" என்று அலறிவிட்டேன். "என்னப்பா, ஷாக் அடிச்சுதா?" என்று சிரித்தாள். பென்டிரைவிலிருந்து எழுந்த சூடான பிளாஸ்டிக் மணம் என்னை இருபதாண்டு பின்னுக்கு, திருவொற்றியூரின் ஓர் அறைக்கு இழுத்துச் சென்றது.

கன்டெய்னர் ஏற்றுமதிக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் சிற்றலுவலகம் அது. வைரஸ் தொல்லைக்கு அஞ்சிய முதலாளி, கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருந்தார். கோப்பு பென்டிரைவில் ஏறி முடிந்ததாகத் திரை சொல்லும். உண்மையில் அது இன்னும் கணினியின் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். பென்டிரைவை விடுவிக்கும் கட்டளையை இட்டு, அதன் சிறுவிளக்கு சிமிட்டி ஓய்ந்த பின்னரே உருவ வேண்டும். ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம்: ஒருவர் "கழட்டவா?" என்று கேட்பார், விசைப்பலகையில் இருப்பவர் "கழட்டு" என்பார். வேறெதிலும் நாங்கள் இத்தனை ஒழுக்கம் காட்டியதில்லை.

ஒரு நாள் டிரெய்லர் ஓட்டுநர் யூசுப் பாய் மூச்சிரைக்க வந்து நின்றார். துறைமுக வரிசையில் மூன்று நாள் கிடந்து, வாயிலுக்கு மூன்றாவது வண்டியாக வந்திருந்தார். அந்த வேளையில் சரக்குப் பட்டியலில் ஒரு திருத்தம். புதிய பட்டியலைப் பென்டிரைவில் வாயில் எழுத்தரிடம் கொடுக்காவிட்டால் வரிசையின் வாலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"சீக்கிரம் குடு நைனா. நாளைக்கி காலீல என் பொண்ணுக்கு நிக்காஹ். இத்த வுட்டா இன்னும் மூணு நாளு ரோட்டுலதான்."

கேட்காமலே பென்டிரைவை உருவிக் கொடுத்துவிட்டேன். அவர் ஓடி மறைந்ததும், விசைப்பலகையிலிருந்த செல்வி திரும்பினாள்.

"கேட்டியா? நான் சொன்னேனா? வெளக்கு இன்னும் மின்னிக்கினு இருந்துச்சேடா, பாவி!"

டீசல் புகையினூடே, எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்ற டிரெய்லர்களை ஒட்டி ஓடினேன். ஒரு செருப்பு எங்கோ தங்கிவிட்டது. வண்டியில் ஏறிக்கொண்டிருந்தவரின் காலைப் பற்றினேன்.

"பாய், குடுத்துடுங்க. உள்ள ஒண்ணுமே இல்லாம இருக்கலாம்."

அவர் திட்டவில்லை. முகம் வெளுத்து, பென்டிரைவை நீட்டினார். திட்டியிருந்தால் அச்சம் சற்றுக் குறைந்திருக்கும்.

அலுவலகத்துக்கு ஓடி வந்ததும் செல்வி அதை மீண்டும் பொருத்திப் பார்த்தாள். கோப்பின் பெயர் இருந்தது, அளவு சுழியம். மறுபடி ஏற்றினாள், கட்டளையை இட்டாள். என் கைகளை நானே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கழட்டவா?"

"இரு."

"கழட்டவா?"

"இர்ரான்றேன்ல!"

விளக்கு ஓய்ந்தது. "கழட்டு."

நான் திரும்பி ஓடியபோது முன்னிரண்டு வண்டிகளும் உள்ளே போய்விட்டன. திறந்த வாயிலின் முன் பாயின் டிரெய்லர் மட்டும் அசையாமல் நின்றது. ஒதுங்கச் சொல்லிக் காவலர் சீழ்க்கை ஊதிக்கொண்டிருந்தார். பின்வண்டிக்காரரோ இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்திருந்தார்.

"பாய் வண்டி பூந்தப்பறந்தான் நம்ம வண்டி. நாளைக்கி பிரியாணி துன்னணும்ல!" என்றார் காவலரிடம். அவருக்குப் பின்னாலிருந்தவர்களும் ஒவ்வொருவராக இயந்திரத்தை அணைத்தனர்.

எழுத்தர் பென்டிரைவைச் செருகினார். நான் கண்களை மூடிக்கொண்டேன். "ம், போ" என்ற குரல் கேட்ட பின்னரே திறந்தேன்.

இன்று பட்டியல்கள் எவர் கையிலும் ஏறாமல் இணையத்திலேயே போய்ச் சேர்கின்றன. அவ்வறை இருந்த இடத்தைச் சாலை விழுங்கிவிட்டது. செல்வி எந்த ஊரில் இருக்கிறாள் என்றும் அறியேன்.

மகள் வெளியே சென்றதும் அவளுடைய பென்டிரைவைப் பொருத்தித் திறந்து பார்த்தேன். எல்லாம் பத்திரமாக இருந்தது. விடுவிக்கும் கட்டளையை இட்டு, விளக்கு ஓயும்வரை காத்திருந்தேன்.

"கழட்டவா?" என்று கேட்டும்விட்டேன். வெற்றறையில் பென்டிரைவின் மேல் கை நெடுநேரம் அப்படியே நின்றது.