அக்காவின் யோசனையை நான் சொன்ன நாள்

நோர்பரியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே என்னோடு மன்னார் அக்கா ஒருவர் வேலை செய்தார்.

இல்லத்தில் பலருக்கு நினைவு மங்கிவிட்டது. தண்ணீர் கொடுத்தால் குடிக்கமாட்டார்கள். குடிக்காவிட்டால் காய்ச்சல் வரும், பிறகு ஆஸ்பத்திரி. ஒருநாள் அக்கா தன் தேநீரோடு ஒரு வெள்ளைக்கார அம்மாவின் எதிரே உட்கார்ந்தார். அவருடைய கோப்பையோடு தன் கோப்பையை முட்டி, தான் ஒரு வாய் குடித்தார். அந்த அம்மாவும் குடித்தார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. வேலை நேரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இன்னொன்று வந்தால் வேலை போகும்.

அந்த மாதம் குரோய்டனில் ஒரு ஹோட்டலில் எங்கள் கம்பெனி கூட்டம் வைத்தது. புது யோசனைகளுக்கான மாநாடாம். இல்லத்துக்கு ஒருவர். அன்று எனக்கு ஷிப்ட் இல்லை, என்னை அனுப்பினார்கள்.

"தம்பி, பெரியாக்கள் எல்லாம் வருவினம். என்ர தேத்தண்ணி விசயத்தைச் சொல்லிவிடு. ஏன் இருந்து குடிக்கிறன் எண்டு அவைக்கு விளங்கட்டும்" என்றார் அக்கா.

"ஓம் அக்கா, சொல்லுறன்."

"சாண்ட்விச்சைக் கண்ட உடன மறந்துபோடாத."

மறக்கவில்லை.

எல்லோர் தலையிலும் ஒரு யோசனை இருக்கிறது, பயப்படாமல் சொல்லுங்கள் என்றார் மேடையில் நின்றவர். பக்கத்தில் இருந்தவர்கள் மஞ்சள் தாள்களில் எழுதி எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். என் தாள் வெறுமையாக இருந்தது. மைக் என்னிடம் வந்தது. கோப்பை முட்டுவதைச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கள் கண்டுபிடித்ததா?" என்று மேடையில் நின்றவர் கேட்டார்.

ஆம் என்று தலையாட்டினேன். கை தட்டினார்கள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. அது சாக்கு அல்ல. நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த கிழமையே எல்லா இல்லங்களிலும் அப்படிக் குடிக்கக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா தன் கடிதத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லி மேனேஜரிடம் போனார். "நீங்கள் செய்தபோது அனுமதி இருக்கவில்லை. அவரைப் போல முறையாகச் சொல்லியிருக்கலாமே" என்றாராம் மேனேஜர், என்னைச் சொல்லி.

அறையை விட்டு வெளியே வந்த அக்கா என் முன்னால் நின்றார்.

"ஏன் தம்பி, என்ர பேர் சொல்ல ஏலாத பேரோ?"



மறுநாள் மேனேஜரிடம் போய், அது அக்காவின் யோசனை என்றேன். அவர் சிரித்தார். "உங்களுக்கு நல்ல மனம். அவருக்காகப் பேச வந்திருக்கிறீர்கள்" என்றார். இல்லை, அன்று சொன்னதுதான் பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல் போதும், அக்காவின் கடிதம் ரத்தாகியிருக்கும். என் வேலையை நினைத்தேன். பேசாமல் வந்துவிட்டேன்.

மாதம் முடிய அக்கா ஃபாரஸ்ட் கேட் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் சொல்லவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் மேனேஜர் என்னைக் காட்டுவார். கெட்டிக்காரர், அதைவிட நல்ல மனிதர் என்பார். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.